பூட்டு என்னுடையது

எனக்கு முதலில் துரோகம் செய்தது சந்தனமாரி. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள், தம்பி. மேனேஜர் ஞானகுரு அவளுக்கு அப்புறம்தான். இதோ, இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஹெப்சிபா மேடம் அதற்கும் அப்புறம். எங்கள் ஊரில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வரிசையை மாற்றிச் சொல்கிறார்கள். தப்புச் செய்தவர்களில் நான்தான் முதல் ஆள் என்கிறார்கள். அது பொய்.

நீங்கள் மடியில் வைத்திருப்பது பெட்ஷீட் சாம்பிள்தானே? நினைத்தேன். இந்த ஆஸ்பத்திரிக்குச் சாமான் போடுகிறவர்கள் எல்லாரும் இந்த பெஞ்சில்தான் காத்திருக்க வேண்டும். நான் சாமான் போட வரவில்லை. எனக்கு வர வேண்டிய சாமானை வாங்க வந்திருக்கிறேன். ஒரு பூட்டு. திண்டுக்கல் பூட்டு. உள்ளே அந்த அம்மா அறையில் இருக்கிறது. காலில் கட்டைப் பார்த்துவிட்டு எல்லாரும் என்னை வைத்தியத்துக்கு வந்தவன் என்று நினைக்கிறார்கள். சர்க்கரைப் புண். வந்த இடத்தில் அதற்கும் கட்டு மாற்றிக்கொள்கிறேன். புண்ணுக்கு எங்கள் ஊர் ஆஸ்பத்திரியே போதும். இரண்டு பஸ் மாறி மதுரைக்கு வருவது பூட்டுக்காக.

என் பெயர் பூவலிங்கம். மூன்றாவது வரைக்கும்தான் படிப்பு. பேண்டேஜ் துணி நெய்கிற மில்லில் லேடீஸ் ஹாஸ்டலுக்கு வாட்ச்மேனாக இருந்தேன். மில் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். முன்னால் தறிக் கொட்டகை, பின்னால் துணியை வெளுத்துச் சுருட்டுகிற இடம், அதற்கும் பின்னால் ஹாஸ்டல். ஹாஸ்டலுக்கென்று தனிச் சுவர், தனி கேட். அந்த கேட் என் பொறுப்பு.

பிள்ளைகள் எல்லாம் கமுதி, சாயல்குடிப் பக்கத்துப் பிள்ளைகள். மழை தண்ணி இல்லாத ஊர்கள். மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு என்று மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார்கள். நடுவில் போனால் அது கிடையாது. இதெல்லாம் மேனேஜர் பேசுகிற பேச்சு, எனக்குச் சம்பந்தம் இல்லை. எனக்குச் சம்பந்தம், அப்பன்மார் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற அந்த நிமிஷம். மேனேஜரிடம் கைநாட்டு வைத்துவிட்டு நேரே என்னிடம் வருவார்கள். ஏனென்றால் உள்ளே போனதும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவன் நான்தானே. பிள்ளையின் கையைப் பிடித்து என் கையில் வைப்பார்கள். அது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நான் சொல்லி வந்த வழக்கம் இல்லை.

சந்தனமாரியின் அப்பா கரிமூட்டம் போடுகிறவர். அவர் நகக்கண்ணில் இருந்த கரி என் கையில் ஒட்டியது. "அண்ணே, ஒங்க புள்ள மாதிரி பாத்துக்கங்கண்ணே" என்றார். "கவலையை விடுங்க. ஈ எறும்பு அண்டாது" என்று சொன்னேன். சொன்ன மாதிரியே நடந்தேன். அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

கேட்டுக்கு மில்லில் ஒரு பூட்டுக் கொடுத்திருந்தார்கள். தகரப் பூட்டு. ஒருத்தி ஹேர்பின்னை விட்டு ஒரு திருகு திருகினாள், திறந்துகொண்டது. மேனேஜரிடம் புதுப் பூட்டுக் கேட்டேன். "அடுத்த மாசம் பாக்கலாம்யா" என்றார். அவர் பார்க்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். மச்சினன் வீட்டு விசேஷத்துக்குத் திண்டுக்கல் போனபோது என் கைக்காசில் நானே வாங்கி வந்தேன். கையில் தூக்கினால் ஒரு கனம் இருக்கும். சாவியைப் போட்டுத் திருகினால் உள்ளே நாக்கு விழுகிற சத்தம் தனியாகக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் பிள்ளைகளுக்கே தூக்கம் வரும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பிள்ளைகள் போனெல்லாம் என் அறையில் ஒரு பெட்டியில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொடுப்பேன். ஸ்பீக்கரில் போட்டு, என் முன்னால் நின்று பேச வேண்டும். நான் ஒட்டுக் கேட்கிறவன் இல்லை, தம்பி. ஒளிந்து நின்று கேட்டால்தான் ஒட்டுக் கேட்பது. நான் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டேன். வயசுப் பிள்ளைகள். எவனாவது போனிலேயே மயக்கிவிட்டால் அப்பன்மாருக்கு யார் பதில் சொல்வது?

மாதம் ஒரு தடவை சந்தைக்குக் கூட்டிப் போவேன். வரிசையாக நடக்க வேண்டும். முன்னால் நான் கம்போடு, பின்னால் ஆயா குருவம்மா. டீக்கடையில் இருக்கிற பயல்கள், "ஏய், தாத்தா வாத்து ஓட்டிட்டு வாராருடா" என்று சிரிப்பான்கள். சிரிக்கட்டும். நான் இருந்த வரைக்கும் ஒரு வாத்தும் தப்பவில்லை.

இப்போது சந்தனமாரி செய்ததைக் கேளுங்கள்.

அவள் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. பரமக்குடியில் ஆபரேஷன். அப்பா என் அறைப் போனுக்குக் கூப்பிட்டார். "அண்ணே, பொம்பளைக்கு பொம்பள தொணை இல்லண்ணே. புள்ளைய ஒரு வாரம் அனுப்பி வையுங்க." நான் என்ன சொன்னேன்? முறைப்படி சொன்னேன். "நேர்ல வந்து கூட்டிட்டுப் போங்க. போன்ல பேசுறது அப்பன்தானான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். குரல் தெரியும்தான். அந்த ஆள் இருமினாலே தெரியும். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது இல்லையா? "அவளை ஆஸ்பத்திரில தனியாப் போட்டுட்டு எப்புடிண்ணே வருவேன்" என்று அழுதார். ஆம்பளை அழுதால் எனக்குப் பிடிக்காது. வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டுச் சும்மா இருந்தேனா? மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். இதை யாரும் சொல்ல மாட்டார்கள், நானே சொல்ல வேண்டியிருக்கிறது. ஞானகுரு நகம் கடித்துக்கொண்டே கேட்டார். "யோவ் வாட்ச்மேன், மதுரை ஆஸ்பத்திரி லோடு நிக்குது. இப்ப ஒருத்திய விட்டா, நாலு பேரு எங்கம்மாவுக்கும் காய்ச்சல்னு வந்து நிப்பாளுக. லோடு ஏறட்டும். அது வரைக்கும் அவகிட்ட மூச்சு விடாத."

மதுரை ஆஸ்பத்திரி என்றால் இதே ஆஸ்பத்திரிதான், தம்பி.

மூச்சு விடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேறொருத்தி போனில் பேசும்போது அந்தப் பக்கத்திலிருந்து அவள் அக்கா, "ஏண்டி, சந்தனமாரி அம்மாவ அறுத்துப் போட்டிருக்காம்ல, அவ இன்னும் போகலையா?" என்று கேட்டுவிட்டாள். ஸ்பீக்கர் என்பதால் எல்லாருக்கும் கேட்டது. ஸ்பீக்கரில் போடச் சொன்னது தப்பு என்று குருவம்மாவே என்னிடம் சொன்னாள். தப்பு ஸ்பீக்கரிலா இருக்கிறது?

சந்தனமாரி வந்து கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "தாத்தா, கதவத் தெற. நான் போவணும்."

"மேனேஜர் சீட்டு வேணும்மா."

"மேனேஜர் லீவு தாத்தா. இன்னைக்கு ஞாயிறு."

"அப்ப நாளைக்கு."

"எங்கம்மா நாளை வரைக்கும் இருக்குமான்னு தெரியலையே."

"அதெல்லாம் இருக்கும். நல்ல டாக்டரு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் அதட்டியிருப்பேன். கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். பொழுது சாய்கிறது, நிற்கிறாள். கால் வலிக்குமே என்று என் நாற்காலியை எடுத்துப் போட்டேன். அது என் நாற்காலி, தம்பி, ஹாஸ்டல் நாற்காலி இல்லை. அவள் உட்காரவில்லை. டீ வாங்கி வரச் சொல்லிக் கொடுத்தேன். அதையும் கம்பி வழியாகத்தான் உள்ளே வாங்கினேன், அவளும் கையில் பிடித்துக்கொண்டாள். ஆனால் குடிக்கவில்லை. ஆடை படிந்து போய்விட்டது. நாற்காலி போட்டேன், டீ கொடுத்தேன். பூட்டை மட்டும் திறக்கவில்லை. வேறு எந்த மில்லில் எந்த வாட்ச்மேன் இவ்வளவு செய்வான்?

மறுநாள் மேனேஜரும் லோடு ஏறட்டும் என்று சீட்டுக் கொடுக்கவில்லை. அம்மா பிழைத்துக்கொண்டாள். நான் சொன்னதுதானே நடந்தது? ஆனால் அன்றிலிருந்து அந்தப் பிள்ளை என்னோடு பேச்சை நிறுத்திவிட்டது. மற்றப் பிள்ளைகளும் "வாட்ச்மேன் தாத்தா" என்பதை விட்டுவிட்டு "ஏங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "ஏங்க, போன் கொடுங்க." என்னமோ கடையில் சோப்புக் கேட்கிற மாதிரி. பொறுத்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து ஆள் வருகிறது என்று பேச்சு வந்தது. சாமான் வாங்குகிற ஆஸ்பத்திரிக்காரர்கள் சாமானைப் பார்த்தால் போதாதாம். அதைச் செய்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள், இஷ்டப்பட்டு வேலை பார்க்கிறார்களா, நினைத்தால் வீட்டுக்குப் போக முடியுமா என்றெல்லாம் பார்ப்பார்களாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கத்திரிக்காய் வாங்குகிறவன் தோட்டக்காரன் சாப்பிட்டானா என்றா கேட்கிறான்? உங்கள் யூனிட்டுக்கும் வந்தார்களா? இனிமேல்தானா? சரி, சரி.

மேனேஜர் சுவருக்கு வெள்ளை அடித்தார். புகார் சொல்ல ஒரு போன் நம்பரைப் பெரிசாக எழுதிப் போட்டார். போனெல்லாம் பெட்டியில் இருக்கும்போது நம்பர் எதற்கு என்று கேட்டேன். "வாய மூடுய்யா" என்றார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒப்பிக்க வைத்தார். அவர்கள் வருகிற நாளில் பெட்டியைத் திறந்து போனையெல்லாம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்ள ஏற்பாடு. எல்லாம் முடித்து என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நீ லீவு. கேட்டுல பூட்டு இருக்கக் கூடாது. கழட்டி எங்கயாவது போடு."

"நான் எதுக்கு சார் லீவு எடுக்கணும்? விருந்தாளி வர்ற நாள்லதான் வாசல்ல ஆள் நிக்கணும்."

"யோவ், நீ வாயைத் தெறந்தா மூட மாட்ட. வீட்ல கெட."

இது எப்படி இருக்கிறது? வெயில் மழை பார்க்காமல் காவல் காத்தவன் நான். பெரிய மனிதர்கள் வருகிற அன்றைக்கு நான் மட்டும் ஒளிந்துகொள்ள வேண்டும். கல்யாண வீட்டில் கிழவனைப் பின்கட்டுக்குத் தள்ளுகிற மாதிரி. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி, "அந்தாளு லீவுதானே குடுத்தான், படுக்க வேண்டியதுதானே" என்றாள். அவளுக்கு மானம் ரோஷம் என்றால் என்ன தெரியும்?

காலையில் உடுப்பைத் தேய்த்துப் போட்டேன். பூட்டை எண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய் இறங்கினேன். பார்த்தால் கேட் ஆவென்று திறந்து கிடக்கிறது. ஒரு ஆள் இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், யார் வேண்டுமானாலும் வெளியே போகலாம். மேனேஜர் முன்பக்கம் விருந்தாளிக்கு இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டைச் சாத்தினேன். பூட்டினேன். நிமிர்ந்து நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் வந்தார்கள். மேனேஜருக்கு என்னைப் பார்த்ததும் முகத்தில் ரத்தம் இல்லை. நான் சல்யூட் அடித்துப் பூட்டைத் திறந்து விட்டேன். ஹெப்சிபா மேடம் உள்ளே வந்தார், மேனேஜர் உள்ளே வந்தார். அவர்களுக்குப் பின்னால் நான் பழக்கப்படி கேட்டை இழுத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். நாக்கு விழுந்த சத்தம் கேட்டு அந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"ஏன் ஐயா பூட்டுறீங்க? நாங்க உள்ள இருக்கோமே?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "நாய்த் தொல்லை மேடம். இன்னைக்கு மட்டும்தான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் காவல் இருக்கிற எடத்துல நாய் எப்படி சார் வரும்? எத்தனை வருஷமா பூட்டுறேன், ஒரு நாய் வந்திருக்கா?" என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "உங்க பேரு என்னங்க ஐயா?"

தம்பி, அந்த மில்லில் என் பெயரைக் கேட்ட முதல் ஆள் அவர். மேனேஜருக்கு என் பெயர் தெரியுமா என்பதே சந்தேகம். சம்பளம் கொடுக்கும்போதுகூட "வாட்ச்மேன்" என்றுதான் கூப்பிடுவார். பெயரைக் கேட்டதோடு, என் நாற்காலியை என்னிடமே கேட்டு வாங்கி உட்கார்ந்தார். "சொல்லுங்க பூவலிங்கம் ஐயா, இங்க பாதுகாப்பு எப்படி?" என்றார். அப்படிக் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா?

எல்லாம் சொன்னேன். போன் பெட்டி, ஸ்பீக்கர், சந்தை வரிசை, மேனேஜர் சீட்டு. மேனேஜர் பின்னால் நின்று இருமுகிறார். கண்ணைக் காட்டுகிறார். கையைப் பிசைகிறார். என்னைப் பேச விட்டுவிட்டு அந்த அம்மா தன்னைக் கவனிக்கவில்லையே என்று அவருக்குப் பொறாமை. நான் கண்டுகொள்ளவில்லை.

"ராத்திரி தீப்பிடிச்சா என்ன செய்வீங்க ஐயா? பஞ்சும் துணியுமா இருக்கே."

"சாவி என் இடுப்பிலேயே இருக்கும் மேடம். வேற யாருகிட்டயும் குடுக்க மாட்டேன். சாப்பிடப் போனாக்கூட சாவியோடதான் போவேன்."

"சாப்பிட எங்க போவீங்க?"

"வீட்டுக்குத்தான் மேடம். சைக்கிள்ல போயிட்டுச் சுருக்க வந்துருவேன்."

அவர் கேட்டைப் பார்த்தார், மாடி ஜன்னல் கம்பிகளைப் பார்த்தார். என் பொறுப்பை எண்ணி மலைத்துப் போயிருப்பார் என்று நான் நினைத்தேன். பிள்ளைகள் அதற்குள் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். கூட்டத்தில் சந்தனமாரியும் இருந்தாள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நான் சொன்னால் நானே என்னைப் புகழ்கிற மாதிரி இருக்கும், அவள் வாயாலேயே வரட்டும் என்று கூப்பிட்டேன்.

"இந்தப் புள்ளையக் கேளுங்க மேடம். இவ அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்பவே நான் தெறக்கல. அப்பன் போன்ல அழுதும் தெறக்கல. ஆனா நாற்காலி போட்டேன், டீ குடுத்தேன். ஏம்மா, போட்டேனா இல்லியா? சொல்லு."

"போட்டாரு" என்றாள் அவள்.

"டீ?"

"குடுத்தாரு."

அதோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு நான் அந்த மில்லில் இருப்பேன். அவள் நிறுத்தவில்லை. ஒப்பிக்க வைத்த பாடத்தையும் சொல்லவில்லை. அந்த அம்மா பக்கம் திரும்பி, "மேடம், நீங்க வெளிய போறப்ப நானும் ஒங்ககூட வரலாமா? எங்கம்மாவ இன்னும் பாக்கல" என்றாள். இதுதான் துரோகம். உப்புப் போட்டுச் சாப்பிட்ட இடத்தில், விருந்தாளி முன்னால், நான் கூப்பிட்டு வைத்துப் பெருமைப்படுத்தும்போது.

மேடம் எழுந்தார். "போகலாம்மா" என்றார். கேட் பக்கம் நடந்தார். நான் பூட்டின கேட் முன்னால் நின்றேன்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. மேனேஜர் சீட்டு இல்லாம உள்ளேருந்து யாரையும் விடுறதில்ல. யாரா இருந்தாலும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அவரைத் தடுக்க வேண்டும் என்று இல்லை. எவ்வளவு கறாராக இருக்கிறோம் என்று காட்டத்தான். ஒரு சின்ன சீட்டு எழுதினால் முடிந்தது. மேனேஜர், "அறிவு கெட்டவனே, தெறடா" என்று கத்தினார். அந்த அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "இல்ல சார், முறை என்னவோ அதையே செய்யுங்க. எனக்கு ஒரு சீட்டு எழுதுங்க. இந்தப் பொண்ணுக்கு ஒண்ணு. வேற யாருக்கெல்லாம் இன்னைக்கு வீட்டுக்குப் போகணும்?"

பிள்ளைகள் முதலில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு கை ஏறியது. அப்புறம் கொத்தாக ஏறியது. மேனேஜர் கேட் தூணில் பேப்பரை வைத்து எழுதினார். பேனா பேப்பரைக் கிழித்தது. நான் ஒவ்வொரு சீட்டாக வாங்கிப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்து, ஒவ்வொருத்தியாக வெளியே விட்டேன். கடைசி வரைக்கும் முறை தப்பவில்லை. சந்தனமாரி என்னைத் தாண்டிப் போனாள். "போயிட்டு வர்றேன்" என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் அப்பன் என் கையில் வைத்த பிள்ளை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லாம் போன பிறகு ஹெப்சிபா மேடம் என்னிடம் வந்தார். "ஐயா, இந்தப் பூட்டு யாரோடது?"

"என்னுது மேடம். என் கைக்காசு."

"கொஞ்ச நாள் நான் வெச்சுக்கலாமா? திருப்பித் தர்றேன்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, தம்பி. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் நாலு பேருக்குக் காட்டி, பாருங்கள் இப்படிக் காவல் காக்கிறார்கள் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். உடுப்பிலேயே துடைத்து, சாவியோடு கொடுத்தேன்.

அடுத்த வாரமே சமாசாரம் வந்துவிட்டது. கேட்டைத் திறந்து போட வேண்டும், போனைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும், போகிறவளுக்கு வேலை பார்த்த வரைக்கும் உள்ளதைக் கொடுத்து அனுப்ப வேண்டும். அது வரைக்கும் ஆஸ்பத்திரி லோடு எடுக்காது. ஒரேயடியாக நிறுத்தவும் மாட்டார்களாம், நிறுத்தினால் பிள்ளைகள் பிழைப்புப் போகுமாம். அடிக்கடி வந்து பார்ப்பார்களாம். முதலாளி ஞானகுருவைக் கூப்பிட்டுக் கேட்டார். ஞானகுரு என்ன சொன்னார் தெரியுமா? "எனக்குத் தெரியாது முதலாளி. எல்லாம் அந்த வாட்ச்மேன் தன்னிஷ்டத்துக்குப் பண்ணினது."

தன்னிஷ்டம்! லோடு ஏறட்டும் என்றது யார்? சீட்டு எழுதுகிறது யார்? தகரப் பூட்டுக் கொடுத்தது யார்? என் உடுப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். ஞானகுரு இன்றைக்கும் அதே நாற்காலியில் நகம் கடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு பிள்ளையையும் வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று எழுதின அந்த அம்மா, வாட்ச்மேனை எடுக்கக் கூடாது என்று எழுதினாரா? இதை அவரிடமே கேட்டேன். முதல் தடவை இங்கே வந்தபோதே கேட்டேன். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அது தப்புதான் ஐயா. நான் யோசிக்கல" என்றார். உடனே மில்லுக்கு எழுதினார். அவர்களும் திரும்ப வரச் சொன்னார்கள்.

போனேன். கேட்டில் பூட்டு இல்லை. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் ராத்திரி அவர்களே உள்ளேயிருந்து போட்டுக்கொள்கிறார்கள், அவர்களே திறக்கிறார்கள். வாட்ச்மேன் வேலை, வெளியாள் யாராவது வந்தால் பெயர் கேட்டு உள்ளே சொல்லி அனுப்புவது. உள்ளே இருக்கிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்கக் கூடாதாம். "அப்ப நான் எதுக்கு? ஒரு காலிங்பெல் மாட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் பிச்சைக்குப் போகவில்லை.

சந்தனமாரியா? அவள் அம்மாவைத் தேற்றிவிட்டு அந்த மில்லுக்கே வேலைக்கு வந்துவிட்டாள்! யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தாள். அப்படியென்றால் அது ஜெயிலா, சொல்லுங்கள்? ஜெயிலுக்கு எவளாவது தானாக வருவாளா? இதைக் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

போன மாதம் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். தனியாக, யாரும் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கையில் முறுக்குப் பொட்டலம். என் காலைப் பார்த்து, "என்னா தாத்தா, கட்டு?" என்றாள். தாத்தா என்றதும் எனக்கு என்னமோ போல ஆகிவிட்டது. அதை விடுங்கள். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அன்னைக்கு ஏன் ஒரு வார்த்த சொல்லாமப் போன?"

அவள் ஒரு முறுக்கை உடைத்து என்னிடம் நீட்டினாள். "தெனமும் ஒங்ககிட்ட கேட்டுக் கேட்டுத்தான நின்னேன், தாத்தா. அன்னைக்கு ஒரு நாளுதான் கேக்காமப் போனேன். அது ஒங்களுக்குப் பொறுக்கலையாக்கும்."

திமிரைப் பார்த்தீர்களா? முறுக்கை நான் வாங்கவில்லை.

உங்களுக்கு ஏன் இப்படி வியர்க்கிறது? ஃபேன் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. உங்கள் யூனிட்டில் பிள்ளைகள் தங்குகிற இடம் இருக்கிறதா? பூட்டுவது யார்? உங்களிடம் யோசனை சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அம்மா வந்து உட்கார்ந்து, பொறுமையாக, பெயரைக் கேட்பார். வாட்ச்மேனை அன்றைக்கு லீவில் அனுப்பிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். லீவில் போகச் சொன்னால் ஒரு மனிதனுக்கு எவ்வளவு வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அவன் வருவான்.

பூட்டா? ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். முதல் தடவை, "தர்றேன் ஐயா, ஆனா இத வெச்சு எதப் பூட்டப் போறீங்க?" என்று கேட்டார். என் வீட்டுக் கதவு கயிறு கட்டின கதவுதான். அதற்கென்ன? என் பொருளை எதற்கு என்று கேட்க இவர் யார்? அடுத்த தடவை, "நீங்க அன்னைக்குப் பேசலேன்னா எங்களுக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது. ஒங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றார். காட்டிக் கொடுத்தவனுக்குச் சொல்கிற நன்றியை என்னிடம் சொல்கிறார்! நான் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. நான் என் வேலையைச் சொன்னேன். அதற்கு நன்றி வேண்டாம், பூட்டைக் கொடுங்கள் என்றேன். புதுசாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றார். எனக்கு வேறு பூட்டு வேண்டாம். அதுதான் வேண்டும்.

அதை மேஜை மேலேயே வைத்திருக்கிறார். சாமான் போட வருகிற ஒவ்வொருத்தர் கையிலும் கொடுத்து, கனத்தைப் பார்க்கச் சொல்கிறாராம். "இன்னும் சில பேரு பாக்க வேண்டியிருக்கு ஐயா, அவங்க பாத்து முடியட்டும்" என்கிறார். இந்த லோடு முடியட்டும், அந்த லோடு முடியட்டும் என்கிற மாதிரி. அவர்கள் என்றைக்குப் பார்த்து முடிப்பது, நான் என்றைக்கு வாங்குவது?

கதவைத் திறக்கிறார்கள். உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள், தம்பி. போங்கள். கையில் கொடுத்தால் கீழே போட்டுவிடாதீர்கள், நாக்கு மடங்கிவிடும். சாவி அதிலேயே இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வந்து சொல்லுங்கள்.

நான் எங்கே போகப் போகிறேன்? இங்கேதான் இருப்பேன். நான் வந்ததுமே, இந்த பெஞ்சில் கால் வலிக்கும் என்று அந்த அம்மா உள்ளேயிருந்து தன் நாற்காலியை எடுத்துப் போடச் சொன்னார். நான் உட்காரவில்லை. அதோ, சுவர் ஓரமாகக் கிடக்கிறது, பாருங்கள். டீ கொடுத்து அனுப்பினார். அதையும் தொடவில்லை. இதோ, ஆடை படிந்துபோய் ஆறிக் கிடக்கிறது. நாற்காலி போட்டார், டீ கொடுத்தார். பூட்டை மட்டும் கொடுக்கவில்லை.

கொடுக்காமல் எங்கே போய்விடுவார்?